டெர்மினலில் இருந்தே பூட் டிவிடி: ஐஎஸ்ஓ இறக்குவது முதல் கணினி எழுவது வரை

பென்டிரைவிலிருந்து பூட் ஆகும், அதாவது இயங்கத் தொடங்கும், கணினி உங்களிடம் இருந்தால் இந்தக் கட்டுரை தேவையில்லை. பென்டிரைவைச் செருகினால் கண்டுகொள்ளாத பழைய மதர்போர்டு, யுஎஸ்பி போர்ட்டை அடைத்து வைத்திருக்கும் அலுவலகக் கணினி, வைரஸ் புகுந்த பெட்டியைத் திரும்ப எழுதவே முடியாத ஒரு டிஸ்க்கிலிருந்து எழுப்ப வேண்டிய நிலைமை என்று ஏதோ ஒன்று உங்களை டிவிடி ரைட்டர் முன்னால் உட்கார வைத்திருக்கும். எனக்குத் தெரிந்தவரின் ஜெராக்ஸ் கடையில் இருக்கும் கணினி முதல் வகை. பில் போடவும் ஆன்லைன் படிவம் நிரப்பவும் அது போதும், மாற்ற மாட்டேன் என்று அவர் நிற்கிறார். அதற்கு டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றப் போய்த்தான் இந்த வேலையின் மேடுபள்ளமெல்லாம் தெரிந்தது.

டிஸ்க்கில் எழுதுவது கால் மணி நேர வேலைகூட இல்லை. டிஸ்க் வீணாவதெல்லாம் எழுதுவதற்கு முன்னாலும் பின்னாலும் பார்க்காமல் விட்டதால்தான். அதனால் கீழே ‘எழுது’ என்ற படி வருவதற்குள் ஐந்து படிகள் இருக்கின்றன. தாண்டிப் போகாதீர்கள்.

சுட்டியால் அழுத்தும் மென்பொருள் இருக்க, கட்டளை அடிக்கும் டெர்மினல் எதற்கு? பிழை வந்தால் அந்த மென்பொருள்கள் ‘பிழை நேர்ந்தது’ என்று ஒரு பெட்டியைக் காட்டிவிட்டு ஒதுங்கிவிடும். டெர்மினல் காரணத்தைச் சொல்லும். மேசைத்திரையே இல்லாத சர்வரிலும் இதே கட்டளை ஓடும்.

ஒரு ஏற்பாடு சொல்லிவிடுகிறேன். போனில் சொல்லச் சொல்ல எதிர்முனையில் இருப்பவர் அடிப்பதுபோல, கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலிக்கிறபடியே தந்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். கோடு, சமக்குறி, சாய்கோடு, எண், இடைவெளி எல்லாம் கண்ணில் படுகிறபடியே. எழுத்துக்கூட்டலில் தடுமாற வாய்ப்புள்ள இடத்தில் எழுத்தெழுத்தாகச் சொல்கிறேன்.

1. பூட் ஆக வேண்டிய பெட்டியை முதலில் பாருங்கள்

எல்லோரும் ஐஎஸ்ஓவிலிருந்து (டிஸ்க் முழுவதையும் ஒரே கோப்பாக்கிய பிம்பம்) தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டியது அந்தப் பழைய கணினியின் முன்பக்கத்தில். டிரேயின் முகப்பில் என்ன அச்சிட்டிருக்கிறது? ‘டிவிடி’ என்ற முத்திரை இருந்தால் டிவிடி ஓடும். ‘காம்பாக்ட் டிஸ்க்’ முத்திரை மட்டும் இருந்தால் அது சிடி டிரைவ். அதில் டிவிடியைப் போட்டால் நாள் முழுக்கச் சுற்றும், படிக்காது. ‘பூட் ஆகவில்லை’ என்று வரும் புலம்பலில் ஒரு பங்கு இந்த வகைதான்.

அடுத்து, பிராசசர் 32 பிட்டா, 64 பிட்டா. அந்தக் கணினியில் ஏற்கெனவே ஏதாவது லினக்ஸ் ஓடினால் எல்எஸ்சிபியு என்று அடியுங்கள். இரண்டு முறையையும் தாங்கும் என்றால் 32-பிட், 64-பிட் என இரண்டும் ஒரே வரியில் வரும். விண்டோஸ் இருந்தால் சிஸ்டம் விவரப் பக்கத்தில் பிராசசர் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள். 32 பிட் மட்டும்தான் என்றால் ஒன்றை மனதில் வையுங்கள்: 2025இல் வந்த டெபியன் 13க்கு 32 பிட் இன்ஸ்டாலர் கிடையாது. 2023இல் வந்த டெபியன் 12தான் அதற்குக் கடைசி. 64 பிட் டிஸ்க்கை 32 பிட் கணினியில் போட்டால் மெனு அழகாக வரும், தேர்ந்தெடுத்ததும் ‘இந்த பிராசசருக்கு ஆகாது’ என்கிற மாதிரி ஒரு வரியோடு நின்றுவிடும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னொன்று எழுதுவீர்கள். அதுவும் அங்கேயே நிற்கும்.

2. வாங்க வேண்டியவை, ஆகும் செலவு

ரைட்டர் உள்ள கணினி ஒன்று வேண்டும். இன்றைய லேப்டாப்பில் டிரைவே இருக்காது, ஆகவே யுஎஸ்பி வழியாகச் செருகும் வெளி ரைட்டர். புதிதாக ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். சென்னை ரிட்சி தெரு போன்ற இடங்களில் கணினிக்குள் பொருத்தும் பழைய சாட்டா டிவிடி ரைட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு அதுவே நல்ல பேரம். வாங்கும்போது கடைக்காரரிடம் ஒரு டிஸ்க் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். படிக்கிற டிரைவ் எல்லாம் எழுதிவிடாது: படிக்கும் லேசர் நன்றாக இருந்து எழுதும் சக்தி போய்விட்ட டிரைவ்கள் ஏராளம்.

பிளாங்க் டிவிடி ஒன்று 20 முதல் 40 ரூபாய்க்குள், கடைக்குக் கடை மாறும். கோபுரமாக அடுக்கிய ஐம்பது டிஸ்க் டப்பா வாங்கினால் விலை குறையும், ஆனால் நாற்பத்தைந்து டிஸ்க் அலமாரியில் தூங்கும். ஐந்தாறு போதும். மோசர் பேர் நிறுவனம் 2018இல் கலைப்புக்குப் போய்விட்டது, ஆகவே அந்தப் பெயரில் இன்று கடையில் இருப்பது எப்படியும் பல வருடத்துச் சரக்கு. எந்தப் பெயராக இருந்தாலும் வெயில் படும் கண்ணாடி ஷோகேஸில் கிடந்த டிஸ்க்கை வாங்காதீர்கள். அடிப்பக்கத்துச் சாயத்தில்தான் எழுத வேண்டும், வெயில் அதைத்தான் முதலில் கெடுக்கும்.

ஒரு முறை மட்டும் எழுதக்கூடிய டிஸ்க்கில் மைனஸ் ஆர், பிளஸ் ஆர் என்ற இரண்டு வகையில் எது என்று கேட்பீர்கள். 2005க்குப் பிந்தைய டிரைவ் என்றால் எதுவும் ஓடும். அதைவிடப் பழைய டிரைவ் என்றால் மைனஸ் ஆர் வாங்குங்கள். ஆர்டபிள்யூ டிஸ்க் பழகுவதற்கு அருமை, அழித்து அழித்து எழுதலாம். ஆனால் அதன் பரப்பு ஒளியைக் குறைவாகத் திருப்புவதால் வயதான டிரைவ்கள் படிக்கத் திணறும். பழகுவது ஆர்டபிள்யூவில், பழைய கணினிக்குக் கொண்டு போவது ஆரில்.

3. ஐஎஸ்ஓவை இறக்கி, முழுசாக வந்ததா என்று பாருங்கள்

அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே இறக்குங்கள். ஐஎஸ்ஓவோடு அதே பக்கத்தில் எஸ்எச்ஏ256சம்ஸ் என்று பெரிய எழுத்தில் ஒரு சின்னக் கோப்பு இருக்கும். அதையும் இறக்கி ஒரே ஃபோல்டரில் வையுங்கள். இறங்கிய ஐஎஸ்ஓ முழுசாக இருக்கிறதா என்று சரிபார்க்கும் எண் அதில் இருக்கும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இறக்குகிறவர்கள் டபிள்யூகெட் -சி என்று போட்டு முகவரியைக் கொடுத்தால், இடையில் அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

பிறகு அந்த ஃபோல்டருக்குள் நின்றுகொண்டு:

எஸ்எச்ஏ256சம் -சி --இக்னோர்-மிஸ்ஸிங் எஸ்எச்ஏ256சம்ஸ்

கட்டளை சிற்றெழுத்தில், கடைசியில் வரும் கோப்புப் பெயர் மட்டும் பெரிய எழுத்தில். ஐஎஸ்ஓவின் பெயருக்குப் பக்கத்தில் ‘ஓகே’ என்று வந்தால் சரி. ‘ஃபெயில்ட்’ என்றால் மறுபடி இறக்க வேண்டியதுதான், வேறு வைத்தியம் இல்லை. ‘எந்தக் கோப்பும் சரிபார்க்கப்படவில்லை’ என்ற பொருளில் ஒரு வரி வந்தால் பதறாதீர்கள். நீளமான பெயரைச் சுருக்கி டெபியன்.ஐஎஸ்ஓ என்று மாற்றியிருப்பீர்கள், பட்டியலில் இருக்கும் பெயரோடு அது ஒத்துப்போகவில்லை. பெயர் மாற்றுவதை இந்தச் சோதனைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நான் கீழே டெபியன்.ஐஎஸ்ஓ என்றே எழுதுகிறேன்.

இன்னொரு சின்னச் சோதனை:

ஃபைல் டெபியன்.ஐஎஸ்ஓ

வரும் ஒற்றை வரியில் ‘ஐஎஸ்ஓ 9660’ என்றும், கடைசியில் அடைப்புக்குறிக்குள் ‘பூட்டபிள்’ என்றும் இருக்க வேண்டும். அந்தச் சொல் இல்லையென்றால் நீங்கள் இறக்கியது மென்பொருள் தொகுப்பு மட்டும் உள்ள டிஸ்க்காக இருக்கலாம். டெபியனில் முதல் டிவிடிதான் பூட் ஆகும். இரண்டாவது, மூன்றாவது எல்லாம் கூடுதல் பொதிகள், தனியாக எழாது.

4. டிஸ்க்கில் கொள்ளுமா?

டிவிடி உறையில் 4.7 ஜிபி என்றிருக்கும். கோப்பின் அளவைக் கணினி 4.5 ஜிபி என்று காட்டும். கொள்ளும் என்று எழுத உட்காருவீர்கள், கொள்ளாது. உறைக்காரர் ஆயிரம் ஆயிரமாகக் கணக்குப் பார்க்கிறார், உங்கள் டெர்மினல் 1024ஆகப் பெருக்குகிறது. அந்தக் கணக்கில் டிவிடியின் கொள்ளளவு 4.38தான். இந்தக் குழப்பமே வேண்டாம், பைட்டில் பாருங்கள்:

எல்எஸ் -எல் டெபியன்.ஐஎஸ்ஓ

இங்கே வரும் நீளமான எண் 470 கோடிக்குள் இருந்தால் ஒற்றை அடுக்கு டிவிடியில் கொள்ளும். சிடி என்றால் 73 கோடிக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் ஒற்றை எம்பிக்காகக்கூடச் சமரசம் கிடையாது, சின்ன ஐஎஸ்ஓ தேடுங்கள்.

இன்னொரு லினக்ஸான உபுண்டு 24.04இன் டெஸ்க்டாப் ஐஎஸ்ஓ 5 ஜிபியைத் தாண்டும், விண்டோஸ் 11ம் அப்படியே. இவற்றுக்கு 8.5 ஜிபி கொள்ளும் இரட்டை அடுக்கு டிஸ்க் வேண்டும். அதன் விலை பல மடங்கு, பழைய டிரைவ்கள் அதைப் படிப்பதும் சந்தேகம். என் யோசனை: பழைய கணினிக்கு அவ்வளவு பெரிய ஐஎஸ்ஓவே வேண்டாம். டெபியனின் நெட்இன்ஸ்ட் 600 முதல் 800 எம்பிக்குள்தான் இருக்கும், பதிப்புக்குப் பதிப்பு ஏறி இறங்கும், சில பதிப்புகள் சிடியிலேயே அடங்கும். ஆனால் நெட்இன்ஸ்ட் என்றால் நிறுவும்போது இணையம் வேண்டும். லேன் கேபிள் எட்டாத மூலையில் அந்தக் கணினி இருந்தால் கேபிளுக்கும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வைஃபைக்கு வேண்டிய ஃபர்ம்வேர் (அந்தக் கருவியை இயக்கும் சின்ன மென்பொருள்) டெபியன் 12 முதல் அதிகாரபூர்வ ஐஎஸ்ஓவிலேயே வருகிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் வராது.

5. ரைட்டர் எங்கே, உங்களுக்கு அனுமதி இருக்கிறதா

எழுதும் கருவியை நிறுவுங்கள். டெபியன், உபுண்டுவில் (சூடோ என்றால் நிர்வாகி அனுமதியோடு ஓட்டு):

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் எக்ஸோரிசோ

எழுத்தெழுத்தாக: எக்ஸ், ஓ, ஆர், ஆர், ஐ, எஸ், ஓ. இணையத்தில் பல கட்டுரைகள் வோடிம் என்ற கருவியைச் சொல்லும். சிடிக்கு அது போதும், டிவிடிக்கு அதை நம்ப வேண்டாம். குரோஐசோஎஃப்எஸ் டிவிடிக்கு நல்ல கருவி. ஆனால் சிடி, டிவிடி, புளூரே மூன்றுக்கும் ஒரே கட்டளை என்ற சௌகரியம் எக்ஸோரிசோவில் இருக்கிறது, அதனால் இங்கே அது மட்டும்.

ரைட்டரைக் கண்டுபிடிக்க எல்எஸ்பிஎல்கே என்று அடியுங்கள். கடைசிப் பக்கம் ‘ரோம்’ என்று வகை குறித்த வரியில் எஸ்ஆர்0 என்று இருக்கும். கடைசியில் இருப்பது சைபர், ஓ அல்ல. எஸ்டிஏ, எஸ்டிபி என்று வருபவை உங்கள் ஹார்டு டிஸ்க்கும் பென்டிரைவும். அவற்றின் பெயரை இந்தக் கட்டுரையின் எந்தக் கட்டளையிலும் போடாதீர்கள்.

பிறகு:

எக்ஸோரிசோ -டிவைசஸ்

உங்கள் ரைட்டரின் தயாரிப்பாளர் பெயரும் மாடலும் வர வேண்டும். எல்ஜி டிரைவ் வைத்திருப்பவர்கள் எச்எல்-டிடி-எஸ்டி என்று வந்தால் குழம்ப வேண்டாம், ஹிட்டாச்சியும் எல்ஜியும் சேர்ந்து நடத்திய நிறுவனத்தின் சுருக்கம் அது. எல்எஸ்பிஎல்கேயில் தெரிகிற டிரைவ் இந்தப் பட்டியலில் வரவில்லை என்றால் உங்கள் பயனர் கணக்குக்கு அனுமதி இல்லை என்று பொருள். சூடோ ஆட்யூசர், அடுத்து உங்கள் பயனர் பெயர், அடுத்து சிடிரோம் என்று அடித்து அந்தக் குழுவில் சேருங்கள். அடித்தவுடன் வேலை செய்யாது. வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால்தான் பிடிக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் சூடோ போட்டு ஓட்டுவது குறுக்கு வழி, ஆனால் பெயர் தவறி வேறு டிரைவைக் கொடுத்துவிட்டால் தடுக்க ஆள் இருக்காது.

இப்போது பிளாங்க் டிஸ்க்கைப் போடுங்கள்:

எக்ஸோரிசோ -அவுட்டெவ் /டெவ்/எஸ்ஆர்0 -டிஓசி

டிஸ்க்கின் வகை, அது காலியாக இருக்கிறதா, எவ்வளவு இடம் என்று மூன்று செய்திகள் வரும். ஒற்றை அடுக்கு டிவிடி என்றால் 4480ஐ ஒட்டிய ஒரு எண்ணும் பக்கத்தில் எம்மும் இருக்கும். ‘பிளாங்க்’ என்று வராமல் வேறு ஏதாவது வந்தால் அது புது டிஸ்க் அல்ல, அல்லது டிரைவுக்கு அந்த டிஸ்க்கைப் பிடிக்கவில்லை. டிஸ்க்கை மாற்றிப் பாருங்கள்.

6. எழுதுவது

மின்வெட்டு வழக்கமாக வரும் நேரத்தை விட்டுவிட்டு உட்காருங்கள். ஆர் டிஸ்க் பாதியில் நின்றால் போனதுதான். லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகி, தூங்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். வெளி ரைட்டரை ஹப்பில் செருகாமல் நேராகக் கணினியில் செருகுங்கள், டெஸ்க்டாப் என்றால் பின்பக்கப் போர்ட்டில். எழுதும்போது டிரைவ் இழுக்கும் மின்சாரம் படிக்கும்போது இழுப்பதைவிட அதிகம், கேபினெட்டின் முன்பக்கப் போர்ட் பல நேரம் அதைத் தாங்குவதில்லை. ரைட்டரோடு இரட்டைத் தலைக் கேபிள் வந்திருந்தால் இரண்டு தலையையும் செருகுங்கள்.

ஐஎஸ்ஓ இருக்கும் ஃபோல்டரில் நின்று:

எக்ஸோரிசோ -ஏஎஸ் சிடிரெக்கார்ட் -வி டெவ்=/டெவ்/எஸ்ஆர்0 ஸ்பீட்=8 பிளாங்க்=ஏஎஸ்_நீடட் -எஜெக்ட் டெபியன்.ஐஎஸ்ஓ

இது ஒரே வரி. ஏஎஸ் என்பது ஏ, எஸ் என்ற இரண்டு எழுத்து. ஏஎஸ்சுக்கும் நீடட்டுக்கும் நடுவில் அடிக்கோடு, இடைவெளி அல்ல. சமக்குறியின் இரு பக்கமும் இடைவெளி விடக்கூடாது. இந்த வரியில் என்ன நடக்கிறது என்றால்: முதல் பகுதி, பழைய சிடிரெக்கார்ட் கருவியின் பாணியில் நடந்துகொள் என்கிறது. -வி என்றால் நடப்பதைச் சொல்லிக்கொண்டே இரு. டெவ் எந்த டிரைவ் என்பது. பிளாங்க் பகுதி, டிஸ்க் ஆர்டபிள்யூவாக இருந்து அதில் பழைய சரக்கு இருந்தால் அழித்துவிடு என்கிறது. கேட்காமலே அழிக்கும், ஆகவே ஆர்டபிள்யூவில் ஏதாவது வைத்திருந்தால் முதலில் எடுத்து வையுங்கள். சிடியில் எழுதுகிறவர்கள் ஐஎஸ்ஓ பெயருக்கு முன்னால் பேட்சைஸ்=300கே என்பதையும் சேருங்கள். கடைசியில் கொஞ்சம் வெற்று இடம் இல்லையென்றால் சில சிடிகளின் வால்பகுதியைப் படிக்கும்போது லினக்ஸ் தடுக்கி விழும்.

வேகம் பற்றி ஆளுக்கொரு கருத்து. மிகக் குறைந்த வேகமே பாதுகாப்பு என்ற பழைய நம்பிக்கையை விடுங்கள். இன்றைய டிஸ்க்கின் சாயம் அவ்வளவு மெதுவான எழுத்துக்குச் செய்யப்பட்டதே அல்ல. 16எக்ஸ் என்று அச்சிட்ட டிவிடியை 8இல் எழுதுங்கள், பழைய டிரைவ் படிக்க மறுத்தால் 4. முழு டிவிடி 8இல் பத்து நிமிடத்துக்குள் முடியும், 4இல் கால் மணி நேரம். நெட்இன்ஸ்ட் போன்ற சின்ன ஐஎஸ்ஓ சில நிமிடம்தான். சிடியை 16இல் எழுதினால் ஆறேழு நிமிடம்.

எழுதும்போது ஒரு வரி மட்டும் மாறிக்கொண்டே இருக்கும்: இத்தனை எம்பியில் இத்தனை எழுதியாயிற்று, ஃபிஃபோ இத்தனை சதவீதம், பஃபர் இத்தனை (இரண்டும் எழுதக் காத்திருக்கும் தரவின் அளவு), வேகம் இத்தனை எக்ஸ். சதவீதங்கள் தொண்ணூறுக்கு மேலேயே நின்றால் நிம்மதியாக இருங்கள். அடிக்கடி கீழே விழுந்தால் ஹார்டு டிஸ்க் வேறு வேலையில் மூச்சு வாங்குகிறது, பிரவுசரை மூடுங்கள். எம்பி எண் முடிந்த பிறகு ஓரிரு நிமிடம் எதுவும் நகராது, டிரைவ் மட்டும் உறுமிக்கொண்டிருக்கும். டிஸ்க்கை மூடும் வேலை நடக்கிறது. ‘ஹேங் ஆகிவிட்டது’ என்று பொறுமையிழந்து கன்ட்ரோல் சி அழுத்தி, முடியப்போன டிஸ்க்கைக் கெடுப்பது இந்த இடத்தில்தான். டிரே தானே வெளியே வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

பென்டிரைவ் செய்முறையில் வரும் டிடி கட்டளையை இங்கே கொண்டு வராதீர்கள். டிவிடி ஆரில் அதற்கு எழுதத் தெரியாது. அதைவிட, பழக்கத்தில் எஸ்டிஏ என்று அடித்துவிட்டால் கேள்வி கேட்காமல் உங்கள் ஹார்டு டிஸ்க்கை மேலெழுதிவிடும்.

7. ஒப்பிட்டுப் பாருங்கள்

டிரே வெளியே வந்ததும் டிஸ்க்கை எடுத்து டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். உள் வட்டத்திலிருந்து ஒரு நிறமும், ஓர் எல்லைக்குப் பிறகு இன்னொரு சாயலும் தெரியும். அந்த எல்லைவரைதான் எழுதப்பட்டிருக்கிறது. பாதியில் பிழை வந்த டிஸ்க்கிலும் எதுவரை போனது என்று இப்படியே கண்டுகொள்ளலாம்.

கண்ணால் பார்ப்பது ருசிக்கு. சோதனை வேறு. டிஸ்க்கை மறுபடி உள்ளே தள்ளுங்கள் (எடுக்காமலே சோதித்தால் கணினி பழைய நினைவில் இருக்கும், காலி டிஸ்க் என்றே சொல்லும்). பிறகு:

சிஎம்பி டெபியன்.ஐஎஸ்ஓ /டெவ்/எஸ்ஆர்0

ஐஎஸ்ஓவையும் டிஸ்க்கையும் பைட் பைட்டாக ஒப்பிடும். முழு டிவிடிக்குப் பத்து நிமிடம் பிடிக்கலாம். மூன்று விதமாக முடியும். ஒன்றுமே சொல்லாமல் முடிந்தால் அச்சு அசல். ‘டெபியன்.ஐஎஸ்ஓவில் இஓஎஃப்’ என்று சொன்னாலும் சரிதான்: ஐஎஸ்ஓ முடியும்வரை எல்லாம் பொருந்தியது, டிஸ்க்கில் அதற்குமேல் வெற்றிடம் இருக்கிறது என்று பொருள். பலர் இதைப் பிழை என்று எண்ணி நல்ல டிஸ்க்கைக் குப்பையில் போடுகிறார்கள். ‘டிஃபர்’ என்ற சொல் வந்தாலோ, இன்புட் அவுட்புட் பிழை என்று வந்தாலோதான் டிஸ்க் தேறாது.

நேரடியாக எஸ்ஆர்0க்கு எஸ்எச்ஏ256சம் போட்டுப் பார்த்துப் பயந்தவர்களும் உண்டு. அந்தக் கூடுதல் வெற்றிடத்தையும் சேர்த்துக் கணக்கிடுவதால் எண் ஒத்துப்போகாது. அது டிஸ்க்கின் குற்றமல்ல.

கோப்பு மேலாளரில் டிஸ்க்கைத் திறந்தும் பாருங்கள். டெபியன் என்றால் பூல், டிஸ்ட்ஸ் என்று ஃபோல்டர்கள் இருக்கும். உள்ளே ஒற்றை ஐஎஸ்ஓ கோப்பு மட்டும் இருந்தால், யாரோ அதை ஒரு சாதாரணக் கோப்பாக நகலெடுத்திருக்கிறார்கள். அது எந்தக் கணினியிலும் பூட் ஆகாது. கடையில் எழுதி வாங்கிவரும் டிஸ்க்குகளில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

பெயர் எழுத சிடி மார்க்கர். பால்பாயின்ட் பேனாவின் முனை மேல்பூச்சைக் கீறும். ஸ்டிக்கர் ஒட்டினால் சுற்றும்போது எடை ஒருபக்கம் சாய்ந்து உதறும். பெயரோடு பதிப்பு எண், 32 அல்லது 64, தேதி மூன்றையும் எழுதுங்கள்.

8. பூட் செய்வது

கணினியை இயக்கியதும் பூட் மெனு விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவா, ஏசர், கிகாபைட் போர்டுகளில் பெரும்பாலும் எஃப்12. எச்பியில் எஃப்9, எம்எஸ்ஐயில் எஃப்11, ஆசுஸ் டெஸ்க்டாப் போர்டில் எஃப்8, பழைய இன்டெல் போர்டில் எஃப்10. மெனுவே இல்லாத மிகப் பழைய கணினியில் டெலீட் அழுத்தி பயோஸுக்குள் (கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கம்) போய், பூட் வரிசையில் சிடிரோமை முதலிடத்துக்குக் கொண்டுவர வேண்டும். வேலை முடிந்ததும் திரும்ப மாற்ற மறக்காதீர்கள்.

ஓரளவு புதிய கணினியில் ஒரே டிரைவ் பட்டியலில் இரண்டு முறை வரும், ஒன்றின் முன்னால் யுஇஎஃப்ஐ (புதிய கணினிகள் எழும் முறை) என்றிருக்கும். ஏற்கெனவே இருக்கும் விண்டோஸோடு சேர்த்து நிறுவுவதாக இருந்தால், அது எந்த முறையில் நிறுவப்பட்டதோ அதே முறையைத் தேர்ந்தெடுங்கள். மாற்றி நிறுவினால் இரண்டில் ஒன்று பிறகு எழாது.

விண்டோஸ் டிஸ்க் என்றால், ‘ஏதாவது ஒரு விசையை அழுத்து’ என்று திரையின் மூலையில் ஒரு வரி சில நொடி மட்டும் வரும். அழுத்தாவிட்டால் டிஸ்க்கை விட்டுவிட்டு ஹார்டு டிஸ்க்குக்குப் போய்விடும். டிஸ்க் பூட் ஆகவில்லை என்று முடிவுகட்டும் முன் இதைக் கவனியுங்கள்.

டிவிடி மெதுவான ஊடகம். கருப்புத் திரையில் கர்சர் மட்டும் சிமிட்டிக்கொண்டு ஒரு நிமிடம் கழியலாம். டிரைவின் விளக்கு எரிந்து அணைந்துகொண்டிருக்கும்வரை காத்திருங்கள்.

9. பிழை வந்தால்

‘டிவைஸ் பிஸி’ என்று வந்தால் டிஸ்க்கைக் கோப்பு மேலாளர் திறந்து வைத்திருக்கிறது. யுமவுண்ட் /டெவ்/எஸ்ஆர்0 என்று விடுவியுங்கள். யு, எம், ஓ, யு, என், டி: முதல் யுவுக்குப் பின் என் கிடையாது.

‘பவர் கேலிபரேஷன்’ என்ற சொற்களோ, 73 03 என்ற எண்களோ கண்ணில் பட்டால் லேசரால் அந்த டிஸ்க்குக்கு வேண்டிய சக்தியைத் தீர்மானிக்க முடியவில்லை. வேறு கம்பெனி டிஸ்க் போடுங்கள். அதிலும் அதே பிழை என்றால் ரைட்டரின் ஆயுள் முடிந்துவிட்டது, டிஸ்க் வாங்கிக்கொண்டே போவதில் பலனில்லை.

பாதியில் எழுத்துப் பிழை என்றால் முதலில் யுஎஸ்பி போர்ட்டையும் கேபிளையும் மாற்றுங்கள், அடுத்து வேகத்தை 4க்கு இறக்குங்கள். ஒப்பீட்டில் தேறிய டிஸ்க் பழைய கணினியில் மட்டும் படிக்கவில்லை என்றால் அந்த டிரைவின் கண்ணாடியில் தூசி இருக்கலாம். லென்ஸ் கிளீனர் டிஸ்க் ஒன்று போட்டுப் பாருங்கள், பல நேரம் அதுவே போதும்.

பயமாக இருப்பவர்கள், எழுதும் கட்டளையில் -எஜெக்ட்டுக்கு முன்னால் -டம்மி சேர்த்தால் லேசரை எரிக்காமல் ஒத்திகை பார்க்கும். சிடியிலும் டிவிடி மைனஸ் ஆரிலும்தான் இது நடக்கும். பிளஸ் ஆர் டிஸ்க்கில் ஒத்திகை என்ற வசதியே இல்லை.

10. எழுதும் கணினியில் லினக்ஸ் இல்லையென்றால்

விண்டோஸ் 7 முதலே ஐசோபர்ன் என்ற கருவி உள்ளேயே இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்டில் செர்ட்யூட்டில் -ஹாஷ்ஃபைல் டெபியன்.ஐஎஸ்ஓ எஸ்எச்ஏ256 என்று அடித்து, வரும் எண்ணைத் தளத்தில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். முதல் எட்டு எழுத்தும் கடைசி எட்டும் பொருந்தினால் இறக்கம் சரியாக வந்திருக்கிறது. பிறகு ஐசோபர்ன், டிரைவ் எழுத்து, ஐஎஸ்ஓவின் முழு முகவரி என்ற வரிசையில் அடியுங்கள். /க்யூ சேர்த்தால் உடனே எழுத ஆரம்பித்துவிடும், சேர்க்காதீர்கள். சேர்க்காவிட்டால் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். அதில் எழுதிய பின் சரிபார் என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு பர்ன் அழுத்துங்கள்.

மேக்கில் எச்டிஐயூட்டில் பர்ன் டெபியன்.ஐஎஸ்ஓ, அவ்வளவுதான். எழுதி முடித்ததும் கேட்காமலே சரிபார்த்துவிடும், அதனால் எழுதும் நேரத்தைப் போல இரு மடங்கு ஒதுக்குங்கள்.